உறவுகளைப் பார்த்துக்கொள்ள ஏஐ: எந்தக் குறைக்கு எந்தக் கருவி?

நண்பர்கள், சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் ஆட்கள், வாடிக்கையாளர்கள் என்று யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஏஐ கருவி ஏதாவது இருக்கிறதா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். இருக்கிறது, ஏகப்பட்டது இருக்கிறது. ஆனால் எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் உங்களுக்கு எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று பாருங்கள். மறந்துபோகிறீர்களா? ஞாபகம் இருந்தும் என்ன எழுதுவது என்று தயங்கியே நாள் ஓடிவிடுகிறதா? ஆட்களின் எண்ணிக்கை கைமீறிப் போய்விட்டதா? இல்லை, ஒருவரோடு மனஸ்தாபம் வந்து பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? நாலும் வேறு வேறு குறை. ஒன்றுக்கு நன்றாக வேலை செய்யும் கருவி இன்னொன்றுக்குக் கெடுதலே செய்யும். இதைப் பிரித்துப் பார்க்காமல் சந்தா கட்டுகிறவர்கள்தான் இரண்டாவது மாதம் அந்த ஆப்பைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். எழுதும் வேலையைக் கொடுப்பதென்றால், எதிரில் இருப்பவர் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று மட்டும் அதனிடம் கேட்கவே கூடாது.

மறந்துபோகிறவர்களுக்கு

ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1990களில் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு மனிதரால் உயிர்ப்போடு வைத்துக்கொள்ள முடிகிற உறவுகள் சுமார் 150. அதற்குள்ளேயும் வட்டங்கள் உண்டு, ரொம்ப நெருக்கமாக 5 பேர், அதைச் சுற்றி 15, அப்புறம் 50. அந்த 150 சரியான எண்தானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள், அது நமக்கு முக்கியமில்லை. வட்டம் வட்டமாக இருக்கிறது என்பதுதான் பயன்படுகிற விஷயம். முதல் 5 பேரை யாரும் மறப்பதில்லை. 15-க்கும் 150-க்கும் நடுவில் இருப்பவர்கள்தான் நழுவிப்போகிறார்கள்: கல்லூரி ரூம்மேட், முதல் வேலையில் நம்மை ஆளாக்கிய மேனேஜர், விசேஷத்தில் மட்டும் பார்க்கிற பெரியப்பா மகன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை தருகிற வாடிக்கையாளர். மறதிக்கான கருவி முழுக்க இவர்களுக்காகத்தான்.

உறவை எழுதி வைப்பது என்றாலே சிலருக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, மனசில் இருக்க வேண்டியதை ஷீட்டில் போடுவதா என்கிறார்கள். மொய் நோட்டு வேறென்ன? யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று தலைமுறை தாண்டி எழுதி வைத்திருக்கிற குடும்பங்கள் நம்மிடம் உண்டு, மதுரைப் பக்கம் விசேஷ வீட்டிலேயே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து மொய் எழுதிக் கையில் ரசீது கொடுக்கிறார்கள். பழைய எல்ஐசி முகவர்களின் டைரியை யாராவது பார்த்திருந்தால் தெரியும், குடும்பத்துக்கு ஒரு பக்கம், பிரீமியம் தேதிக்குக் கீழேயே "மகள் பிளஸ் டூ", "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், தை மாதம்" என்று இருக்கும். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது முதல் கேள்வி கண் எப்படி இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். அது நடிப்பு இல்லை, அக்கறைக்குத் துணையாக ஒரு பேனா, அவ்வளவுதான்.

இப்போது இதற்கு என்னென்ன வழி இருக்கிறது? காசே செலவில்லாத வழி, போனில் ஏற்கெனவே இருக்கிற காண்டாக்ட்ஸ். ஒவ்வொரு பெயருக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது, பிறந்தநாள் போட இடம் இருக்கிறது, கூகுள் காண்டாக்ட்ஸில் பிறந்தநாளைப் போட்டால் அது தானாகவே கூகுள் காலண்டரில் வந்துவிடும். நூற்றில் எண்பது பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். அடுத்தது ஒரு ஷீட்: பெயர், கடைசியாகப் பேசியது எப்போது, அப்போது என்ன சொன்னார், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும். இந்த நாலு தலைப்பு இருந்தால் சரி.

மூன்றாவது, இதற்கென்றே இருக்கிற ஆப்கள். தனிநபர் சிஆர்எம் (கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரம் வைத்துக்கொள்ளும் மென்பொருளின் தனி ஆள் வடிவம்) என்று அழைக்கப்படுகிற டெக்ஸ், கிளே, மோனிகா போன்றவை. டெக்ஸும் கிளேயும் உங்கள் மெயில், காலண்டர், லிங்க்ட்இன் ஆகியவற்றிலிருந்து ஆட்களை இழுத்து, இவரிடம் நீங்கள் பேசிப் பல மாதம் ஆயிற்று, இவர் கம்பெனி மாறியிருக்கிறார் என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் இதில் ஒரு பெரிய ஓட்டை. நம் பேச்சு மெயிலில் இல்லை, வாட்ஸ்அப்பிலும் போன் காலிலும் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைகளுக்கு இடையில் பூட்டப்பட்டவை, சொந்தக் கணக்கில் இருப்பதை வெளி ஆப் நேராகப் படிக்க முறையான வழி கிடையாது. அதனால் சித்தப்பாவோடு நேற்று ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த ஆப் அவரை விட்டுப்போனவர் பட்டியலில்தான் வைத்திருக்கும். ஓஎம்ஆரில் உட்கார்ந்து அமெரிக்க, ஐரோப்பிய டீம்களோடு மெயிலிலும் லிங்க்ட்இனிலுமே வாழ்கிறவர்களுக்கு டெக்ஸ் போன்றது உண்மையாகவே உதவும். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவருக்கு அது காசுக்குக் கேடு, அவருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இருக்கிற லேபிள் வசதியே மேல். புது ஆர்டர், பணம் பாக்கி என்று வாடிக்கையாளர்களுக்குக் குறி போட்டு வைக்கலாம், அதற்குச் சந்தாவும் இல்லை.

மோனிகா வேறு ரகம். திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, விருப்பம் இருந்தால் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம். யாரை எங்கே சந்தித்தோம், பிள்ளைகள் பெயர் என்ன, என்ன பரிசு கொடுத்தோம், யார் யாருக்குக் கடன் என்பதையெல்லாம் நாமே எழுதி வைக்க வேண்டும், எங்கிருந்தும் அது தானாக இழுக்காது. எனக்குப் பிடித்தது அதுதான், எழுதும்போதே பாதி ஞாபகத்தில் நின்றுவிடுகிறது. எந்த ஆப்பை எடுத்தாலும் முதல் நாளே ஒன்று பாருங்கள்: உள்ளே போட்டதை வெளியே ஃபைலாக எடுக்க முடிகிறதா? இந்தக் கம்பெனிகள் எல்லாம் சின்னவை, கை மாறுகின்றன, கிளேயைக்கூட 2025-ல் வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்துகிற ஆட்டோமேட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. பத்து வருட உறவுக் குறிப்பு ஒரு கம்பெனியின் தலையெழுத்தோடு சேர்ந்து போகக் கூடாது.

சரி, இதில் ஏஐ எங்கே உண்மையிலேயே கைகொடுக்கிறது? குறிப்பு எடுப்பதில். போன் பேசி முடித்தவுடன் உட்கார்ந்து தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இல்லை, இந்தப் பழக்கம் செத்துப்போவது அங்கேதான். சாட்ஜிபிடி, ஜெமினி எதுவானாலும் அதில் மைக்கை அழுத்தி, "பழைய மேனேஜர்கிட்ட பேசினேன், பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம், மாப்பிள்ளை கோயம்புத்தூர், பையன் வேலை தேடுறான்னு சொன்னாரு" என்று பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிட்டு, இதைப் பெயர், செய்தி, தேதி, நான் செய்ய வேண்டியது என்று பிரித்துக் கொடு என்றால், அரை நிமிடத்தில் ஷீட்டில் ஒட்டுகிற மாதிரி வரிசையாக வந்துவிடும். பையனுக்கு வேலை விசாரிப்பது தனி வரியாக வந்து நிற்கும். இல்லாவிட்டால் அந்த ஒன்று கண்டிப்பாக மறந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வைகாசி என்றால் மே மாத நடுவிலிருந்து ஜூன் நடு வரை, அதை மே என்று மட்டும் போட்டுவிட வாய்ப்பு உண்டு, பார்த்துத் திருத்துங்கள். திதி இன்னும் சிக்கல். ஒருவர் அப்பாவின் திவசத்துக்கு நினைவூட்டல் வைக்கிறோம் என்றால், காலண்டர் ஆப்பில் வருடாவருடம் இதே தேதி என்று போட்டால் அடுத்த வருடமே தப்பிவிடும், திதி ஆங்கிலத் தேதியோடு நிற்காது. நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படித்தான். சாட்பாட்டிடம் பஞ்சாங்கம் கணிக்கச் சொல்லாதீர்கள், தயக்கமே இல்லாமல் தவறான தேதி சொல்லும். புது வருடக் காலண்டர் வீட்டுக்கு வந்தவுடன் உட்கார்ந்து ஒரே மூச்சில் இந்தத் தேதிகளை எல்லாம் போனில் ஏற்றிவிடுவதுதான் வழி.

எழுதத் தயங்குகிறவர்களுக்கு

இங்கேதான் பலர் கேட்காமலே ஏஐயிடம் போகிறார்கள். ஏஐ வேண்டாம் என்று நான் ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஆங்கில மெயில் எழுத வராது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வேலைக்காரர்கள் எத்தனை பேர் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இருந்திருக்கிறார்கள்! தாமதமானதற்குக் காரணம் சொல்லத் தெரியாமல், விலையை ஏற்றிக் கேட்கத் தெரியாமல். அவர்களுக்கு இந்தக் கருவி ஒரு பெரிய நியாயம். பணம் பாக்கி கேட்பதும் அப்படி. கோபமும் கூச்சமும் கலந்து வருகிற இடம், நாமே எழுதினால் ஒன்று கெஞ்சலாகப் போகும், இல்லை சண்டையாகப் போகும். "பில் அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு, நாங்க பதிவு பண்ண சிறு நிறுவனம், 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டத்துல 45 நாள் வரம்பு இருக்கு, அதைக் குறிப்பிட்டு, உறவு கெடாம நாலு வரியில எழுது" என்று சொன்னால் நிதானமான ஒரு கடிதம் வரும். தொழில் உறவில், தூரத்து ஆளிடம், விஷயம் மட்டும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஏஐ வரைவு நல்ல தேர்வு.

நெருங்க நெருங்கக் கதை மாறுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைச் சரியாகப் பிடித்தது. ஜிமெயிலில் வருகிற மாதிரி, ஏஐ தருகிற தயார் பதில்களைத் தட்டிப் பேச விட்டார்கள். பேச்சு வேகமானது, வார்த்தைகளில் இனிமை கூடியது. ஆனால் இவர் ஏஐ பதிலைத்தான் தட்டுகிறார் என்று எதிராளி சந்தேகப்பட்டால் போதும், ஒத்துழைப்புக் குறைந்தவர், ஒட்டாதவர் என்று மதிப்பிட்டார். அவர் உண்மையில் தட்டினாரா இல்லையா என்பதுகூட இரண்டாம் பட்சம், சந்தேகமே போதுமானதாக இருந்தது.

துக்க விஷயத்தில் இது எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது நல்ல சாட்சி. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, வான்டர்பில்டின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் மெயில் அனுப்பியது. மெயிலின் அடியில், இது சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. மெயில் சொன்னது நல்ல விஷயம்தான், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம் என்றுதான் இருந்தது, அதைப் போய் இயந்திரத்தை வைத்து எழுதியதற்குத்தான் மாணவர்கள் கொதித்தார்கள். அலுவலகம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் கூகுளும் இதே பாடத்தைப் படித்தது: ஒரு அப்பா, தன் சின்ன மகளுக்குப் பிடித்த ஓட்டப்பந்தய வீராங்கனைக்குக் கடிதம் எழுத ஜெமினியைக் கேட்பது போல ஒரு விளம்பரம் போட்டார்கள், குழந்தை தன் கையால் எழுத வேண்டியதையா என்று எழுந்த எதிர்ப்பில் அதை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் தமிழில் ஒரு உதாரணம் பாருங்கள். நண்பனின் அப்பா இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சாட்பாட்டிடம் கேட்டால் இந்த ரகத்தில் ஒன்று வரும்:

"தங்கள் அன்புத் தந்தையாரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வருத்தமடைந்தேன். இந்தக் கடினமான தருணத்தில் தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எனது மனமார்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

ஃப்ளெக்ஸ் போர்டில் போடலாம். அந்த நண்பனுக்கு உங்களிடமிருந்து வர வேண்டியது இது இல்லை. "டேய், இப்பதான் பார்த்தேன். செமஸ்டர் லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப அப்பா ராத்திரி ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல வந்து நின்னாரே, அதுதான் கண்ணுல நிக்குது. நாளைக்குக் காலைல வரேன்." எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, வாக்கியம் முடியாமல் நின்றாலும் பரவாயில்லை. அந்த பஸ் ஸ்டாண்ட் இயந்திரத்துக்குத் தெரியாது. நீங்கள் அதைச் சொல்லிக் கொடுத்து எழுத வைக்கலாம், ஆனால் சொல்லிக் கொடுக்கிற அந்த வரியையே நேராக அவனுக்கு அனுப்பிவிடலாமே.

தயக்கத்தைப் பற்றியே நல்ல ஆய்வுகள் இரண்டு இருக்கின்றன, இந்த முடிவுக்கு அவை ரொம்பத் தேவை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியு குழு 2022-ல் காட்டியது: ரொம்ப நாள் பேசாதவர் திடீரென்று ஒரு சின்ன விசாரிப்பு அனுப்பினால் பெறுகிறவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதை அனுப்புகிறவர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார். எதிர்பாராமல் வருவதால்தான் அந்தச் சந்தோஷமே கூடுகிறது. 2024-ல் லாரா அக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற உளவியலாளர்கள், விட்டுப்போன பழைய நண்பருக்குச் செய்தி எழுத ஆட்களை உட்காரவைத்தார்கள், பேச ஆசையும் இருக்கிறது, நம்பரும் இருக்கிறது, எழுத நேரமும் கொடுத்தாகிவிட்டது, அப்படியும் மூன்றில் ஒரு பங்கு பேர் அளவுக்குத்தான் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்கள். அதாவது தடை வார்த்தை இல்லாதது அல்ல. வார்த்தை கையில் இருந்தும் அனுப்பவில்லை. அவர்கள் கண்ட ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: முதலில் இப்போது தொடர்பில் இருக்கிற நண்பர்களுக்குச் சில நிமிடம் மெசேஜ் அனுப்பிக் கை பழகிவிட்டு, அப்புறம் பழைய நண்பருக்கு அனுப்பச் சொன்னால், அனுப்புகிறவர்கள் கூடினார்கள். எந்த ஏஐயும் தேவைப்படவில்லை. ஆக, நெருங்கியவர்களுக்கு எழுதத் தயங்குகிறவர் நல்ல வரைவுக் கருவி தேடுவது தவறான கடையில் நிற்பது.

தொழில் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். லிங்க்ட்இனில் பதிவு எழுத ஏஐ உதவி வைத்தார்கள், எதிர்பார்த்த அளவு யாரும் பயன்படுத்தவில்லை என்று 2025-ல் அதன் தலைவரே சொன்னார். அது எல்லாருடைய கண்ணுக்கும் படுகிற இடம், பெயர் கெட்டால் வேலைக்கே பாதிப்பு என்று ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆட்கள் கைமீறிப் போனவர்களுக்கு

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நானூறு பேருக்கு வாழ்த்து அனுப்ப வேண்டியவர்கள், வேலை தேடுகிறவர்கள், கட்சி, சங்கம், கடை நடத்துகிறவர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதியது இன்றும் நிற்கிறது: வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பரிடமிருந்து வருவதைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகக்காரரிடமிருந்து வருவதுதான் அதிகம், ஏனென்றால் நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதனால் இந்த வெளி வட்டத்தை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கும் ஏஐ பெரிதாகத் தேவையில்லை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் நம்பரை சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும், அது ஒரு நல்ல வடிகட்டியும் கூட. ஒவ்வொருவருக்கும் பெயர் மாற்றித் தானாக அனுப்பிவிடும் என்று விற்கப்படுகிற வெளி மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம், மொத்தமாகத் தானியங்கிச் செய்தி அனுப்புவது வாட்ஸ்அப் விதிகளுக்கு எதிரானது, நம்பரையே முடக்கிவிடுவார்கள். தொழிலே அந்த நம்பரில் நடக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. நானூறு பேரில் இருபது பேரை எடுத்து அவர்களுக்குத் தனித்தனியாக ஒரு வரி எழுதுங்கள். அந்த இருபது பேர் யார் என்று ஷீட்டைப் பார்த்துச் சொல்லும் வேலையை வேண்டுமானால் ஏஐக்குக் கொடுக்கலாம்.

மனஸ்தாபம் வந்தால்

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. கணவன் மனைவி சண்டை, அண்ணன் தம்பி சொத்துப் பேச்சு, ஆபீசில் மேலதிகாரியோடு உரசல், ராத்திரி பதினோரு மணிக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சாட்பாட்டிடம் கொட்டுகிறவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். கொட்டினால் மனசு லேசாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. பிரச்சினை அதற்கு அப்புறம் வருகிற பதிலில். ஊர்ப் பஞ்சாயத்திலேயே ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள், இங்கே ஒரு தரப்புதான் பேசுகிறது, கேட்கிறவருக்கோ உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பதே பழக்கம். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை நடத்துகிற ஓபன்ஏஐ கம்பெனி தன் 4ஓ மாடலுக்கு ஒரு மாற்றம் செய்தது, அது எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுப் புகழ ஆரம்பித்துவிட்டதால் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 11 மாடல்களைச் சோதித்தார்கள். ஒருவர் செய்ததை மனிதர்கள் சரி என்று சொல்வதைவிட இவை சுமார் 50 சதவீதம் அதிகமாகச் சரி என்றன. அதைவிடப் பெரிய விஷயம், அப்படி ஆமாம் போடுகிற ஏஐயோடு தங்கள் சொந்தச் சண்டையைப் பற்றிப் பேசியவர்களுக்கு, நாம்தான் சரி என்ற எண்ணம் கூடியது, சமாதானம் செய்துகொள்ளும் விருப்பம் குறைந்தது. அப்படியும் அந்தப் பதில்தான் நல்ல பதில் என்று அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். உடம்புக்கு ஆகாதது நாக்குக்குப் பிடித்திருக்கிறது.

வேறு ஆளே இல்லை, இதைத்தான் கேட்டாக வேண்டும் என்றால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "நான் சரியா" என்று கேட்காமல், "இதே சம்பவத்தை என் தம்பி அவனுடைய நண்பனிடம் எப்படிச் சொல்லியிருப்பான், அவன் பக்கத்திலிருந்து எழுது" என்று கேளுங்கள். இந்த ஒரு பயன்பாட்டில் மட்டும் அது உருப்படியாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன், படிக்கும்போது கோபம் வரும், ஆனால் நாம் கவனிக்காத ஒன்றாவது அதில் இருக்கும். அப்புறம் போனை வைத்துவிட்டு நேரில் போங்கள், இல்லை அத்தையோ மாமாவோ யாராவது பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடி, மிரட்டல், உயிர் பயம் என்று இருக்கிற வீடு என்றால் இந்தப் பேச்சே இல்லை, பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது, அதற்கு அழையுங்கள்.

நண்பர், காதலர் மாதிரியே நம்மோடு பேசுகிற ரெப்ளிகா போன்ற துணைவர் ஆப்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவை உறவைப் பார்த்துக்கொள்ளும் கருவி அல்ல, உறவுக்குப் பதிலாக வருபவை. 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா கம்பெனி காதல் பேச்சு வசதியைத் திடீரென்று நிறுத்தியபோது, ஆள் ஒருவரை இழந்த மாதிரி அழுதவர்கள் இருந்தார்கள். அந்த அழுகை நிஜமானது, அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் கம்பெனி ஒன்று அப்டேட் அனுப்பினால் ஆள் மாறிப்போகிற இடத்தில் பாரத்தை வைக்கச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவர்கள் சொன்னது உங்கள் சொத்து இல்லை

கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் விலையும் வசதியும் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. மேனேஜர் மகளின் கல்யாணம், சித்தி மகனின் கடன், தோழியின் கருச்சிதைவு, இவற்றை அவர்கள் உங்களிடம் சொன்னார்கள், ஒரு கம்பெனியிடம் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து சாட்பாட்டில் போட்டு, "இவ என்மேல கோவமா இருக்காளா பாரு" என்று கேட்கிற பழக்கம் பரவுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் நண்பர்கள் யாராவது அப்படிச் செய்வார்கள் என்று பயந்தால், வாட்ஸ்அப்பில் 2025-ல் வந்த மேம்பட்ட சாட் தனியுரிமை அமைப்பை அந்த சாட்டுக்கு ஆன் செய்து வைக்கலாம், எக்ஸ்போர்ட் தடைபடும்.

சாட்ஜிபிடியில் பகிர்வுக்காக உருவாக்கிய சில உரையாடல் இணைப்புகள் 2025-ல் கூகுள் தேடலில் வந்து நின்றன, மனைவியோடு சண்டை முதல் மருத்துவ விஷயம் வரை. அதில் கிளம்பிய சத்தத்தில், பகிர்ந்ததைத் தேடலில் தெரிய வைக்கும் அந்த வசதியையே எடுத்தார்கள். ஜெமினியில் நடக்கும் உரையாடல்களில் சிலவற்றை மனிதர்கள் பார்த்து மதிப்பிடுவது உண்டு, ரகசியமானது எதையும் உள்ளிடாதீர்கள் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதனால் குறைந்தபட்சம், உரையாடலை மாடல் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அனுமதியை செட்டிங்கில் அணையுங்கள், பெயருக்குப் பதில் எழுத்து போடுங்கள், உடம்பு, கடன், குடும்ப ரகசியம் மூன்றையும் வெளியே வையுங்கள். மேனேஜருக்கு முட்டி வலி என்றால் அது ஷீட்டில் உங்கள் கையால் ஏறட்டும். இவ்வளவு கவனம் வேண்டாம், எல்லாவற்றையும் ஏஐயிடமே போட வேண்டும் என்றால் ஒல்லாமா, எல்எம் ஸ்டூடியோ போன்ற மென்பொருள்களை வைத்து சொந்த லேப்டாப்பிலேயே சின்ன மாடலை ஓட்டலாம், எதுவும் வெளியே போகாது. தமிழ் பெரிய மாடல்கள் அளவுக்கு வராது, ஆனால் பேச்சைப் பிரித்து வரிசையாகப் போடுகிற வேலைக்குப் போதும்.

சட்டப்படி பார்த்தால், 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த, வீட்டுக் காரியத்துக்காக வைத்திருக்கும் தகவலுக்குப் பொருந்தாது. ஆனால் முகவர், ஆலோசகர், கடைக்காரர் என்று தொழிலுக்காக வாடிக்கையாளர் குறிப்பு வைத்திருந்தால் அந்த விலக்கு கிடையாது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். மீட்டிங்கில் தானாகக் குறிப்பெடுக்கும் ஏஐயைச் சேர்ப்பதற்கும் இதே மரியாதை வேண்டும், ஆரம்பிக்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள், யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுங்கள்.

விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் இந்தியாவில் பலருக்கு இவை சலுகைக் காலத்துக்கு இலவசமாகவே கிடைத்தன: 2025 நவம்பரில் ஆரம்பித்த சலுகையில் சேர்ந்தவர்களுக்கு சாட்ஜிபிடி கோ ஒரு வருடம், ஜியோவோடு ஜெமினி 18 மாதம். தனிநபர் சிஆர்எம் ஆப்புக்குத்தான் கைக்காசு போகும், மெயிலும் லிங்க்ட்இனுமே தொழில் என்பவர் மட்டும் அதைக் கட்டட்டும். இலவசத்தில் ஒன்று கவனியுங்கள். சாட்பாட்டின் மெமரியில் உங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருப்பது பட்டியல் அல்ல, எதை வைத்திருக்கும் எதை விடும் என்பது உங்கள் கையில் இல்லை. இலவச காலம் முடிவதற்குள் அதிலிருந்து வேண்டியதை ஷீட்டுக்கு மாற்றிவிடுங்கள். சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், டேட்டா கண்ட்ரோல்ஸ், அங்கே எக்ஸ்போர்ட் என்று இருக்கும், அழுத்தினால் மெயிலுக்கு இணைப்பு வரும், அதில் ஜிப் ஃபைலாக உங்கள் உரையாடல்கள் கிடைக்கும், எடுத்த கையோடு செட்டிங்ஸில் பர்சனலைசேஷன் பகுதிக்குப் போய் மெமரியையும் அழித்துவிடலாம்.